ஈரோட்டு மண்டி நாவலுக்கு ஆங்கில ஏஜென்ட் தேவையா? எப்படித் தேடுவது?

கேள்வி: மண்டிக்கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். மண்டி வாழ்க்கையை வைத்து நான் எழுதிய நாவல் 2019 ஜூனில் சென்னையிலுள்ள ஒரு சிறு பதிப்பகத்தின் மூலம் வெளிவந்தது. 300 பிரதிகள் அச்சிட்டார்கள். நூலக ஆணை கிடைக்கவில்லை. சிற்றிதழ்களில் நல்ல மதிப்புரைகள் வந்தன, அத்தோடு சரி.

சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பெண் ஒருவர் நாவலைப் படித்துவிட்டு, தாமாகவே முதல் நான்கு அத்தியாயங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினார். ஏலக் கொட்டகைப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் எங்கே வரப்போகிறது என்று நினைத்திருந்தேன்; வந்திருக்கிறது. முழு நாவலையும் செய்ய அவருக்கு ஆர்வம். ஆனால் பதிப்பாளர் கிடைப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒன்றரை ஆண்டு உழைப்பைப் போட அவர் தயங்குவது நியாயம்தானே. "ஓர் ஏஜென்ட் கிடைத்தால் நல்லது" என்கிறார்.

இதற்கிடையில் நியூயார்க்கிலுள்ள ஒரு பெரிய இலக்கிய ஏஜென்சியின் பெயரில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் நாவலின் "உணர்ச்சிச் செறிவும் உலகளாவிய மானுடத் தேடலும்" அவர்களுடைய குழுவையே உலுக்கிவிட்டதாம். பெரிய பதிப்பகம் ஒன்று காத்திருக்கிறதாம். அதற்குமுன் மதிப்பீட்டு அறிக்கைக்கு 499 டாலர் கட்ட வேண்டுமாம். மகன் மோசடி என்கிறான். நண்பர் ஒருவரோ, அமெரிக்காவில் எதற்கும் காசு கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்.

ஏஜென்ட் என்பவர் உண்மையில் என்ன செய்வார், எவ்வளவு எடுத்துக்கொள்வார், கடிதத்தை நான் எழுதுவதா மொழிபெயர்ப்பாளர் எழுதுவதா, தமிழ்ப் பதிப்பாளரிடம் சொல்ல வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: காவிரிக்கரையான்

ஐயா, ஏஜென்ட்டெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும் டில்லி, மும்பைக்காரர்களுக்கு. நமக்கு எதற்கு? இந்தியாவில் பெரும்பாலான ஆங்கிலப் பதிப்பகங்கள் நேரடியாக வரும் கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிப் பார்க்கின்றன. ஏதாவது இலக்கிய விழாவில் ஒரு பதிப்பாசிரியரைச் சந்தித்துப் பேசினாலே வேலை முடிந்தது. ராயல்டியே சொற்பம், அதிலும் ஒருவருக்குப் பங்கு கொடுப்பானேன்? 499 டாலர் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

பதில்: லஸ் முனை வாசகி

டில்லியில் ஓர் ஆங்கிலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது சென்னையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு ஒப்பந்தங்களைப் படித்துத் தருகிறேன். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 499 டாலர். மகன் சொல்வது சரி. ஐயா, உங்கள் நாவல் தமிழில் மட்டுமே இருக்கிறது. நான்கு அத்தியாயங்களின் ஆங்கிலம் உங்கள் இருவரிடம் மட்டுமே இருக்கிறது. நியூயார்க்கில் அந்தக் குழு எந்த மொழியில் படித்து உலுங்கிப் போனது? மஞ்சள் என்றோ ஏலம் என்றோ ஒரு வார்த்தை அந்த மின்னஞ்சலில் இருந்ததா என்று பாருங்கள். இருக்காது. உண்மையான ஏஜென்சிகளின் பெயரையும் ஏஜென்ட்களின் பெயரையும் திருடி இப்படி எழுதுவது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் இயங்கும் 'ரைட்டர் பிவேர்' என்ற இணையதளம் இந்த மோசடிகளைத் தொடர்ந்து அம்பலப்படுத்தி வருகிறது; ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் ஆள் தெளிந்துவிடுவார். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி அந்த ஏஜென்சியின் சொந்த இணையதள முகவரியில் முடிகிறதா, ஜிமெயிலில் முடிகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஏஜென்ட்டுக்கு நீங்கள் பணம் கட்டுவதில்லை. அவர் விற்றுக்கொடுத்தால் வரும் பணத்தில் அவருக்குக் கமிஷன். உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடு, வெளிநாட்டு உரிமைகளுக்கு வழக்கமாக 20. அந்த 20இல் அங்கேயுள்ள துணை ஏஜென்ட்டின் பங்கும் அடக்கம். 1870களில் லண்டனில் ஏ. பி. வாட் இந்தத் தொழிலைத் தொடங்கியபோது 10 விழுக்காடு வாங்கினார். விகிதம் ஏறியிருக்கிறது, ஏற்பாடு மாறவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் ஏஜென்ட் சங்கங்களின் நடத்தை விதிகள் வாசிப்புக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கின்றன. இந்தியாவில் அப்படிக் கட்டுப்படுத்தும் சங்கம் கிடையாது. மதிப்பீடு, திருத்தம் என்று தனியாகக் கட்டணச் சேவை நடத்துகிறவர்கள் உண்டு. சேவையை விற்கட்டும், தவறில்லை. "அதை வாங்கினால்தான் உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

காவிரிக்கரையான் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். இந்திய ஆங்கிலப் பதிப்பு மட்டும் போதுமென்றால் ஏஜென்ட் கட்டாயமில்லை. நியூயார்க்கின் ஐந்து பெரும் பதிப்பகங்களிலோ ஏஜென்ட் இல்லாத கையெழுத்துப் பிரதிக்குப் பொதுவாகக் கதவு திறப்பதில்லை. இன்னொன்று, உரிமை என்பது நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுவது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' தமிழில் 2013இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தியாவில் 2016இல் பெங்குயின் வெளியீடு. பிரிட்டனில் அதே மொழிபெயர்ப்பு புஷ்கின் பதிப்பகத்தின் மூலம் 2022இல் வந்து, 2023இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பிரிட்டனில் வெளியானால்தான், அல்லது அயர்லாந்தில் வெளியானால்தான், அந்தப் பரிசுக்கே தகுதி. இந்தியப் பதிப்பகத்திடம் "உலகம் முழுவதற்குமான ஆங்கில உரிமை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் அதை லண்டனில் விற்கவில்லை என்றால், புத்தகம் இங்கேயே நின்றுவிடும். "துணைக்கண்டத்துக்கு மட்டும்" என்று அந்த வரியை மாற்றுவதற்காகச் சண்டை போடுகிறவர்தான் நல்ல ஏஜென்ட். 15 விழுக்காட்டுக்கு அந்த ஒரு வரி போதும்.

பணம் எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும். முன்பணம் 1,00,000 ரூபாய் என்று வையுங்கள். ஏஜென்ட் 15,000 எடுத்துக்கொள்வார். மீதி 85,000 உங்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி என்றால் ஆளுக்கு 42,500. வரிப் பிடித்தம் தனி. அதுவும் ஒரே தவணையில் வராது. கையெழுத்தின்போது ஒரு பங்கு, முழுப் பிரதியை ஒப்படைத்தபோது ஒரு பங்கு, புத்தகம் வெளியானபோது ஒரு பங்கு. முன்பணம் ராயல்டியில் கழிந்து முடியும்வரை மேற்கொண்டு ஒரு பைசா வராது. ஒரு லட்சம் என்பது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகை. தமிழிலிருந்து வரும் முதல் நாவலுக்குக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

இனி அறிமுகக் கடிதம். தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதங்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடுவோம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வந்த கடிதம் ஒன்றை என் சக ஊழியர்கள் நெடுநாள் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆசிரியர் பெற்ற பட்டங்கள் ஒரு பக்கம், பொன்னாடை போர்த்திய படங்கள், அணிந்துரை தந்த பெரியவர் பெயர், அமைச்சர் வெளியிட, தொழிலதிபர் பெற்றுக்கொண்ட விவரம். நாவல் எதைப் பற்றியது என்று மட்டும் எங்குமே இருக்காது.

ஒரு பக்கத்துக்குள், முந்நூறு சொற்களுக்குள் எழுதுங்கள். யார் கதை, எங்கே நடக்கிறது, அவருக்கு என்ன நெருக்கடி. தமிழில் எப்போது, யார் வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் எத்தனை சொற்கள் வரும் என்ற மதிப்பீடு. மொழிபெயர்ப்பாளர் யார், இதற்குமுன் எங்கே எழுதியிருக்கிறார். உரிமை யாரிடம் இருக்கிறது. நீங்கள் மண்டியில் கணக்கு எழுதியவர் என்பதை மறக்காமல் சேருங்கள். விருதுப் பட்டியலைவிட அந்த ஒரு வரிக்கு ஏஜென்ட் நிமிர்ந்து உட்காருவார். மஞ்சள் ஏலத்தின் உள்ளே இருந்து எழுதப்பட்ட நாவல் அவர் மேசைக்கு அடிக்கடி வருவதில்லை.

கடிதத்தோடு கதைச்சுருக்கம் ஒன்றோ இரண்டோ பக்கம், மாதிரி அத்தியாயங்கள் சுமார் 10,000 சொற்கள். உங்களிடம் உள்ள நான்கு அத்தியாயங்கள் போதும். கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் வருமே, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று, நம் ஆட்கள் அப்படியே எழுதி அனுப்புகிறார்கள். கதையை முடிக்கத் தெரிந்தவரா என்று பார்ப்பதற்காகத்தான் கதைச்சுருக்கமே கேட்கிறார்கள்.

இன்னொரு தயக்கமும் நமக்கு உண்டு. "இக்கதை வேறெந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை என உறுதியளிக்கிறேன்" என்று எழுதி, தபால் தலை ஒட்டிய உறையும் வைத்துப் பழகிய தலைமுறை நீங்கள். இங்கே அந்தக் கற்பு தேவையில்லை. ஒரே சமயத்தில் ஐந்தாறு ஏஜென்ட்களுக்கு அனுப்பலாம்; எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ஒரே மின்னஞ்சலில் எல்லாருடைய முகவரியையும் போட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொருவரும் எந்த மாதிரிப் புத்தகங்களை விற்றிருக்கிறார் என்று பார்த்துத் தனித்தனியாக எழுதுங்கள். சுயமுன்னேற்ற நூல்களை விற்பவரிடம் மண்டி நாவலை அனுப்பிப் பயனில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு நாவல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஏஜென்ட் பெயர் அங்கே இருக்கும். இரண்டு மூன்று மாதம் பதில் வராமல் இருப்பது சாதாரணம். அதன்பின் ஒரே ஒரு நினைவூட்டல். தொலைபேசி வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்வதற்குமுன் ஒன்று சொல்லுங்கள். தமிழ்ப் பதிப்பகத்தோடு நீங்கள் என்ன எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்? ஏஜென்ட் விற்பது உங்கள் நாவலை அல்ல, அதன் உரிமையை. அது உங்கள் கையில் இல்லையென்றால் அவர் விற்க ஒன்றுமில்லை. நல்ல புத்தகங்கள் பலவற்றை நாங்கள் கைவிட்டதற்கு இதுதான் காரணம். தரம் அல்ல, தாள்.

மண்டிக்கணக்கர்

மிக்க நன்றி அம்மா. அந்த மின்னஞ்சலைத் திரும்பப் படித்தேன். மஞ்சள் என்ற சொல் இல்லை. ஜிமெயில் முகவரிதான்.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பதிப்பகத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்கக் கடிதம். "இந்நாவலை வெளியிடும் உரிமையை இப்பதிப்பகத்துக்கு அளிக்கிறேன், விற்பனையில் 10 விழுக்காடு ராயல்டி பெற்றுக்கொள்கிறேன்" என்ற அளவில் இருக்கிறது. 2019 ஜூனில் நான் கையெழுத்திட்டது. ஆண்டுக் கணக்கு, நாடு, மொழி எதுவும் அதில் இல்லை. புத்தகத்தின் உள்ளே "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பதிப்பாளர் நல்ல மனிதர், பேசிக்கொள்ளலாம். ஆனால் ஆங்கிலம் என்றதும் பாதிப் பங்கு கேட்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

லஸ் முனை வாசகி

ஐயா, நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இந்தப் பிரிவு எனக்குத் தலைகீழ்ப் பாடம். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். பகுதி சொல்லப்படவில்லை என்றால் இந்தியா மட்டும். கொடுத்த உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் காலம் இல்லை. அப்படியானால் ஐந்து ஆண்டு, அது 2024 ஜூனிலேயே முடிந்துவிட்டது. மொழிபெயர்ப்பு உரிமையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அது உங்களிடமிருந்து போனதாகவே நான் நினைக்கவில்லை. புத்தகத்தின் உள்ளே அச்சிட்ட வரி பதிப்பகம் தானாகப் போட்டுக்கொண்டது. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இல்லாததை அச்சுக்கோப்பவர் உங்களிடமிருந்து வாங்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு பதிப்பாளரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நல்ல மனிதர் என்கிறீர்கள். நேரில் போய், "ஆங்கிலம் உள்ளிட்ட எல்லா மொழிபெயர்ப்பு உரிமைகளும், திரைப்பட, ஒலிநூல் உரிமைகளும் ஆசிரியரிடமே உள்ளன" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வாருங்கள். பதிலுக்கு தமிழ்ப் பதிப்பை அவரே தொடரும்படி, இந்தமுறை காலம் குறிப்பிட்டு, புதிய ஒப்பந்தம் போட்டுக்கொடுங்கள். ஆங்கிலத்தில் வந்தால் தமிழ்ப் பிரதியும் விற்கும், அது அவருக்குத் தெரியும். பங்கு கேட்டால்? அவர் விற்றுக் கொடுத்திருந்தால் பங்கு கேட்கலாம். தமிழில் அப்படி உழைக்கிற பதிப்பாளர்களும் இருக்கிறார்கள், ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் காட்சி வரை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். 2023 ஜனவரி முதல் சென்னையிலேயே பன்னாட்டுப் புத்தகக் காட்சி உரிமை விற்பனைக்கென்றே நடக்கிறது, தமிழிலிருந்து மொழிபெயர்க்க அரசு மானியமும் இருக்கிறது. உங்கள் பதிப்பாளர் அங்கே ஒரு மேசை போட்டு உங்கள் நாவலை விற்பாரென்றால், அவரே உங்கள் ஏஜென்ட். அப்போது 15 விழுக்காட்டை மகிழ்ச்சியாக அவருக்கே கொடுங்கள்.

ஏஜென்ட் சம்மதம் சொன்னதும் மகிழ்ச்சியில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். ஒப்பந்தம் இந்த ஒரு நாவலுக்கா, இனி எழுதப்போகும் எல்லாவற்றுக்குமா? ஒரு நாவலோடு நிறுத்துங்கள். பிரிய நினைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? முப்பது முதல் அறுபது நாள் நியாயம். அவர் விற்ற புத்தகத்துக்கு, நீங்கள் பிரிந்த பிறகும் அவருக்குக் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். அது வழக்கம், அதற்காகக் கோபிக்காதீர்கள். பதிப்பகம் பணத்தை ஏஜென்ட் கணக்குக்குத்தான் அனுப்பும். வந்து எத்தனை நாளில் உங்களுக்கு மாற்றுவார் என்பது எழுத்தில் இருக்கட்டும். தமிழ்த் திரைப்பட உரிமையை ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள். கோடம்பாக்கத்துக்காரர் உங்கள் நாவலை விரும்பினால் டில்லிக்கு மின்னஞ்சல் போட மாட்டார், ஈரோட்டுக்கு நேராக வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவார்.

எந்தெந்தப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார், யார் என்ன சொன்னார்கள் என்ற பட்டியலை ஏஜென்ட்டிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தரத் தயங்குபவர் அனுப்பவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அவர் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, காவிரிக்கரையான் சொன்னபடி, விழாவில் அகப்பட்ட பதிப்பாசிரியரிடம் நீங்களும் ஒரு பிரதியைத் திணிக்காதீர்கள். ஒரே நாவல் இரண்டு வழியில் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டையும் மூடி வைத்துவிடுவோம்.

பதில்: மூலமும் பெயர்ப்பும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவள் நான். சேலத்துச் சகோதரிக்காகச் சில வார்த்தைகள்.

மொழிபெயர்ப்பு சட்டப்படி தனிப் படைப்பு. அதன் பதிப்புரிமை அவருடையது. ஆனால் உங்கள் அனுமதி இல்லாமல் அவர் அதை வெளியிட முடியாது, அவர் அனுமதி இல்லாமல் நீங்களும் அந்த ஆங்கிலத்தை வெளியிட முடியாது. அதனால் இருவருக்கும் இடையில் முதலில் ஒரு கடிதம் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு காலத்துக்கு அவருக்கு மட்டும் இந்த உரிமை, பங்கு என்ன, அட்டையில் பெயர் வருமா. சரிபாதி கேட்டால் மலைக்க வேண்டாம். சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டைச் சரிபாதியாகத்தான் பிரிக்கிறார்கள். 2022இல் இந்தி நாவலுக்கும் 2025இல் கன்னடச் சிறுகதைகளுக்கும் அப்படியே நடந்தது.

முழு நாவலையும் முடித்துவிட்டுத் தேட வேண்டியதில்லை. மாதிரியை வைத்தே மொழிபெயர்ப்பு நூல்களை விற்கிறார்கள். ஆங்கிலத்தில் நேரடியாக எழுதும் முதல் நாவலாசிரியர்தான் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். மாதிரி செய்யும் உழைப்புக்கே மொழிபெயர்ப்பாளருக்கு நிதி தரும் 'பென் பிரசன்ட்ஸ்' என்ற திட்டத்தை லண்டனிலுள்ள இங்கிலிஷ் பென் என்ற எழுத்தாளர் அமைப்பு 2022இல் இந்திய மொழிகளை வைத்துத்தான் தொடங்கியது. அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

கடிதத்தை அவரே எழுதட்டும், உங்கள் சம்மதக் கடிதத்தை இணைத்து. தமிழிலிருந்து வரும் நூல்களில் ஏஜென்ட்டோடு நாள்தோறும் பேசப்போகிறவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்தான். ஒரே ஏஜென்ட் இருவரையும் பிரதிநிதித்துவப்படுத்தினால், உங்கள் இருவருக்கும் இடையில் கருத்து வேறுபாடு வரும்போது அவர் யார் பக்கம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லஸ் முனை வாசகி இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம். பதிப்பகப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கண்ணில் படுவதில்லை போலும்.

லஸ் முனை வாசகி

படுவார், ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கும்போது! நீங்கள் சொன்னது முழுவதும் சரி.

பதில்: ஸ்காபரோவிலிருந்து

யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் எழுதுபவன். என் ஏஜென்ட் நியூயார்க்கில் இருக்கிறார். அவர் சம்மதித்த பிறகுதான் வேலையே தொடங்கியது. பதிப்பகத்துக்கு அனுப்புமுன் அவரே ஒரு பதிப்பாசிரியர் போல் உட்கார்ந்து திருத்தச் சொன்னார். பாட்டியின் மரணத்தை நாவலின் தொடக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னபோது மறுத்தேன். கதைத்துப் பார்த்து அதை விட்டுவிட்டார். வேறொரு பாத்திரத்தைக் குறைக்கச் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் முறைக்கவும் வேண்டாம். உங்கள் நாவலில் மண்டிச் சொற்களுக்கு அடிக்குறிப்புக் கேட்பார்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேட்பார்கள். எதுவரை விட்டுக்கொடுப்பது என்று நீங்களும் மொழிபெயர்ப்பாளரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி. அமெரிக்காவிலிருந்து ராயல்டி வந்தால் டபிள்யூ-8 பென் என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 30 விழுக்காடு வரியாகப் பிடித்துவிடுவார்கள். இந்திய, அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது 15 ஆகக் குறையும். பான் எண்ணை அதில் எழுத வேண்டும். பிடித்த வரியை இந்தியாவில் கழித்துக்கொள்வது பற்றி உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மண்டிக்கணக்கர்

எல்லோருக்கும் நன்றி. வரும் வாரம் சென்னைக்குப் போய்ப் பதிப்பாளரைப் பார்க்கிறேன். அந்த இரண்டு வரிக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து எடுத்துப்போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். ஏஜென்ட்களுக்குத் தமிழ்ப் புத்தகத்தின் அச்சுப் பிரதியையும் கூரியரில் அனுப்பலாமா? வீட்டில் இன்னும் பிரதிகள் இருக்கின்றன. மதிப்புரைகளையும் சேர்த்து அனுப்பலாமா?

லஸ் முனை வாசகி

அச்சுப் பிரதி வேண்டாம் ஐயா. அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கூரியர் காசு வீண். ஆங்கில மாதிரியை வேர்டு கோப்பாக, டைம்ஸ் நியூ ரோமன் 12 புள்ளியில், இரட்டை இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஒவ்வோர் ஏஜென்ட்டும் தம் இணையதளத்தில் வேறு மாதிரி கேட்டிருந்தால் அதன்படி. மதிப்புரைகளிலிருந்து நல்ல வரி இரண்டை மட்டும் மொழிபெயர்த்து, இதழ் பெயரோடு கடிதத்தின் அடியில் சேருங்கள். அந்தப் பிரதிகளைச் சென்னைக்குப் போகும்போது பதிப்பாளரிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், புத்தகக் காட்சிக்கு அவரிடம் இருப்பு இருக்காது.